சாப்பாட்டோடு விளையாடாதே: ஹவாயில் பிடிப்பதும் விடுவதும்

கேள்வி இதுதான். ஹவாய் மாதிரியான தீவுகளில் உள்ளூர்க்காரர்கள் தூண்டிலில் சிக்கிய பெரிய மீனைக் கொன்று வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். வெளியிலிருந்து வரும் ஸ்போர்ட் ஃபிஷிங் ஆட்கள் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மீனைத் திரும்பக் கடலில் விடுகிறார்கள். இரண்டாவதுதானே கடலுக்கு நல்லது? பிறகு ஏன் உள்ளூர்க்காரர்களுக்கு அதன் மேல் இத்தனை எரிச்சல்?

ஓவாஹு தீவில் சில வருடம் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். தூண்டில் போடுவதில் நான் பெரிய ஆள் கிடையாது. பெரிய ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரை வெட்டிக் கொடுத்தவன், அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்தால் நிறையக் காதில் விழும்.

முதலில் அந்த எரிச்சலைப் பார்ப்போம். அங்கே வயதான மீனவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: சாப்பாட்டோடு விளையாடாதே. குழந்தை தட்டில் சோற்றை அளைந்தால் அம்மா அதட்டுவாளே, அதே அதட்டல்தான். பசிக்காக ஒரு உயிரைப் பிடிப்பது அவர்களுக்குப் புரிகிறது. வாயில் முள்ளைக் குத்தி, அரை மணி நேரம் இழுத்து, மூச்சு வாங்க வைத்து, தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு அனுப்புவதுதான் புரியவில்லை. அதை இரக்கம் என்று வேறு சொல்லும்போது கோபம் வருகிறது. இது ஏதோ தீவுக்காரர்களின் பழைய மனசு என்று ஒதுக்கிவிட முடியாது. சுவிட்சர்லாந்தில் திரும்ப விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதற்கே சட்டத்தில் தடை இருக்கிறது. காரணம் கிட்டத்தட்ட இந்தக் கிழவர்கள் சொல்வதேதான்.

மீன் எது என்பதும் முக்கியம். ஹவாய்க் கரையில் எல்லோரும் கனவு காணும் மீன் உலுவா. பாரை இனத்திலேயே மிகப் பெரியது. ஆங்கிலத்தில் ஜயண்ட் டிரெவாலி, சுருக்கமாக ஜி.டி. என்பார்கள். குட்டியாக இருக்கும்போது அதற்குப் பெயர் பாப்பியோ. பத்துப் பவுண்டைத் தாண்டினால்தான் உலுவா என்ற மரியாதை. நூறு பவுண்டு, அதாவது 45 கிலோவைத் தாண்டிய உலுவாவைக் கரையிலிருந்து பிடித்தவனை அந்த ஊரில் வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருப்பார்கள். 1991இல் மாவி தீவின் மக்கேனாவில் பிடிபட்ட 145 பவுண்டு மீன் வெகுகாலம் உலக சாதனையாக இருந்தது. 2006இல் ஜப்பானில் 160 பவுண்டு மீன் ஒன்று அதைத் தாண்டியது.

இந்த மீனைச் சுற்றிக் கதை நிறைய. பழைய ஹவாயில் கோயில் பலிக்கு மனிதன் கிடைக்காதபோது உலுவாவை வைத்தார்கள். மனிதனுக்கு ஈடாக நிற்கத் தகுந்த மீன் என்று அர்த்தம். பெண்கள் அதைச் சாப்பிடக்கூடாது என்ற தடை 1819 வரை இருந்தது. அந்த வருடம் அரசர் இரண்டாம் கமேஹமேஹா பெண்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, அந்தச் சட்டம் முழுவதையுமே முடித்துவைத்தார். இப்படி ஒரு மீனை யாரோ வந்து போட்டோவுக்குக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனால் உள்ளூர்க்காரனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிடிக்கும் முறையும் நாம் டிவியில் பார்க்கும் படகு மீன்பிடி மாதிரி இருக்காது. எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை விளிம்பில், இருட்டில், நீளமான கம்பை நட்டு வைப்பார்கள். முதலில் வெறும் ஈயக்குண்டை மட்டும் தூரத்தில் வீசி, பாறை இடுக்கில் நன்றாகப் பிடிக்க வைப்பார்கள். அப்புறம் இரையோடு கூடிய முள்ளை அதே நரம்பின் மேல் ஒரு வளையத்தில் கோத்துச் சரிய விடுவார்கள். இரை பெரும்பாலும் கடல் விலாங்கு, இல்லாவிட்டால் பேய்க்கணவாய். கம்பின் நுனியில் ஒரு மணி. மணி அடிக்கும்வரை பேச்சும் சாப்பாடும். இதற்கு முந்திய முறை இன்னும் எளிமையானது: மரக்கம்பை விளிம்பிலிருந்து நீட்டி, இரையைத் தண்ணீரின் மேற்பரப்பை ஒட்டித் தொங்கவிட்டு, மசித்த இரையைக் கரைத்து ஊற்றி மீனை வரவழைப்பது.

பாறை விளிம்பு தண்ணீரிலிருந்து ஆறு, எட்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது கிலோ மீனை மேலே எப்படிக் கொண்டுவருவது? கயிற்றில் கட்டிய பெரிய கொக்கியை இறக்கி, மீனைக் குத்தித் தூக்குவார்கள். அப்படித் தூக்கிய மீனைத் திரும்ப விடுவதற்கு அர்த்தம் இல்லை. அந்த இடத்தில் தூண்டில் போட முடிவு செய்தபோதே மீனைச் சாப்பிடவும் முடிவு செய்தாயிற்று. முழங்கால் அளவுத் தண்ணீரில், மணல் தரையில் நின்று தூண்டில் வீசுகிறவனுக்கு மட்டும்தான் விடுவதா வேண்டாமா என்ற கேள்வியே எழும். இரண்டு பேரும் ஒரே விளையாட்டை ஆடுவதாக நினைத்துச் சண்டை போடுகிறார்கள். அவர்கள் நிற்கும் தரையே வேறு வேறு.

(ஒரு சின்ன விஷயம். ஹவாயில் மீன் பிடிக்கக் கிளம்பும்போது அப்படி வாய்விட்டுச் சொல்லக்கூடாது. மீனுக்குக் கேட்டுவிடும். ஹோலோஹோலோ போகிறேன், அதாவது சும்மா சுற்றிவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாழைப்பழமும் எடுத்துப் போகக்கூடாது. இரண்டையும் நான் ஒரே நாளில் மீறியிருக்கிறேன். என்னைத் திட்டியவர்கள் அன்று ஒன்றும் பிடிக்கவில்லை.)

இனி, விடுவது கடலுக்கு நல்லதா என்ற கேள்வி. விட்ட மீன் பிழைக்கிறது என்ற அனுமானத்தின் மேல்தான் அந்த வாதம் முழுவதும் நிற்கிறது. பெரும்பாலும் பிழைக்கிறது. எப்போதும் இல்லை. 2005இல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வு, பல இன மீன்களைப் பற்றிய 274 மதிப்பீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. விட்ட பிறகு இறந்தவற்றின் சராசரி 18 சதவீதம். நடு மதிப்பு, அதாவது எல்லாவற்றையும் வரிசையாக வைத்தால் நடுவில் வருவது, 11 சதவீதம். இரண்டுக்கும் இடையில் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், பல மீன்பிடிகளில் சாவு மிகக் குறைவு, சிலவற்றில் படுமோசம். அந்தச் சில எவை என்று தெரிந்துகொள்வதில்தான் விஷயமே இருக்கிறது.

போன்ஃபிஷை எடுத்துக்கொள்வோம். வெள்ளி நிறத்தில், ஆழமற்ற மணல் பரப்பில் மேயும் மீன். வேகத்துக்குப் பேர் போனது. உலகம் முழுக்கத் தீவுகளுக்குப் போகும் ஃப்ளை ஃபிஷிங் ஆட்கள், அதாவது இரைக்குப் பதில் இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சியை வீசிப் பிடிப்பவர்கள், இதைத்தான் துரத்துகிறார்கள், கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விட்டும் விடுகிறார்கள். பஹாமாஸில் இதைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சுறா குறைவான இடத்தில் விட்ட மீன்கள் எல்லாம் பிழைத்தன. சுறா அதிகமான இடத்தில் கிட்டத்தட்ட பத்தில் நான்கு போய்விட்டன. எலூத்தெரா தீவில் நடந்த இன்னொரு ஆய்வில், விட்டவுடன் நிலைதடுமாறி ஒருக்களித்த மீன்கள், நேராக நீந்திப் போனவற்றைவிட ஆறு மடங்கு அதிகமாகச் சுறா போன்றவற்றின் வாயில் விழுந்தன. அதுவும் விட்ட அரை மணி நேரத்துக்குள். போட்டோ எடுத்தவர் அதற்குள் அடுத்த மீனுக்குத் தூண்டில் வீசியிருப்பார். அவரைப் பொறுத்தவரை முதல் மீன் உயிரோடுதான் இருக்கிறது.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான். நல்ல நாள் ஒன்றில் விருந்தாளி ஒருவர் முப்பது மீன் பிடித்து முப்பதையும் விடுகிறார். பத்து சதவீதம் செத்தாலும் மூன்று மீன். பக்கத்தில் ஒரு பாட்டி இரண்டு மீன் பிடித்து, போதும் என்று கம்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அன்று கடலிலிருந்து அதிகம் எடுத்தது யார்? விடுகிறவருக்கு நிறுத்த வேண்டிய இடம் என்று ஒன்று இல்லை. எடுக்கிறவருக்குத் தட்டு நிறைந்ததும் வேலை முடிந்தது.

ஹவாயில் போன்ஃபிஷுக்குப் பெயர் ஓயோ. இரண்டு இனம் உண்டு, ஒன்று ஹவாய்க்கே உரியது. வேறு பல இடங்களில் முள் அதிகம் என்று ஒதுக்கும் இந்த மீன் ஹவாயில் நல்ல சாப்பாட்டு மீன். நடுவில் பிளந்து, கரண்டியால் சதையை முள்ளிலிருந்து வழித்தெடுத்து, உப்பும் கடற்பாசியும் சேர்த்துப் பிசைந்து பச்சையாகச் சாப்பிடுவார்கள். பிசைந்ததை வடை மாதிரி தட்டிப் பொரிப்பதும் உண்டு. அந்தக் கரண்டி வேலையை ஒரு வீட்டில் பார்த்தேன். ஒரு முள்கூட வரவில்லை. உலகமே விளையாட்டு மீன் என்று முத்திரை குத்திய ஒன்றை இவர்கள் உணவாகவே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் மணல் பரப்பில் வழிகாட்டியோடு வரும் விருந்தாளிக்கும் ஓயோ பிடிக்க வரும் குடும்பத்துக்கும் உரசல் வருகிறது. ஒருவருக்கு அது இருபது முறை பிடிக்கக்கூடிய மீன். மற்றவருக்கு ஒரு முறை.

ஆழ்கடல் பக்கம் போனால் விடுவது இன்னும் சிக்கல். ஓனாகா, ஓப்பக்கப்பக்கா போன்ற ஏழு அடிமட்ட மீன்களை ஹவாயில் ஆழ் ஏழு என்று ஒரு தொகுதியாக நிர்வகிக்கிறார்கள். நூறு, இருநூறு மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுக்கும்போது மீனின் காற்றுப்பை பலூன் மாதிரி ஊதிவிடும். கண் பிதுங்கும், வயிறு வாய்வழியாகத் தள்ளும். அதைக் கடலில் எறிந்தால் மேலேயே மிதந்துகொண்டு சாகும். பிழைக்க வேண்டுமானால் கனமான ஈயத்தோடு சேர்த்து மறுபடியும் ஆழத்துக்கு இறக்கிவிட வேண்டும். அதைச் செய்ய மனமும் கருவியும் இல்லாதவர் மேலே வீசிவிட்டு, நான் விட்டுவிட்டேன் என்று சொல்வதில் பொருள் இல்லை. அப்படிப்பட்ட மீனை எடுத்துக்கொண்டு, அன்றைய பங்கு முடிந்ததும் தூண்டிலை ஏற்றிவிடுவதே நேர்மை.

சரி, இவ்வளவும் சொன்னதால் பிடித்துச் சாப்பிடுபவர்கள் பக்கம் முழு நியாயம் என்று நினைக்க வேண்டாம். பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் பாரம்பரியத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இதை நான் அங்கே சொன்னபோது சிலருக்குப் பிடிக்கவில்லை.

பழைய ஹவாயில் மீன் பிடிப்பதற்கு எவ்வளவு முறை இருந்ததோ, பிடிக்காமல் இருப்பதற்கும் அவ்வளவு முறை இருந்தது. கபு என்றால் தடை, விலக்கு. அக்கு என்ற சூரை மீனையும் ஓப்பெலு என்ற சிறு மீனையும் வருடத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒன்று திறந்திருக்கும்போது மற்றதற்குத் தடை. மீறினால் தண்டனை சாதாரணமானது அல்ல, உயிரே போகலாம். ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் கோனோஹிக்கி என்று ஒரு மேலாளர் இருந்தார். மலையிலிருந்து கரை வழியாகப் பவளப்பார் வரைக்கும் அவர் பொறுப்பு. 1839இல் மூன்றாம் கமேஹமேஹா இதைச் சட்டமாகவே எழுதி வைத்தார். பாருக்கு உள்ளே இருக்கும் கடல் அந்தந்த ஊர் மேலாளருக்கும் குடிகளுக்கும். வெளியூர்க்காரர் அங்கே பிடிக்க முடியாது. கோனோஹிக்கி தனக்கென்று ஒரு இனத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம், அல்லது பிடிபட்டதில் மூன்றில் ஒரு பங்கு வாங்கலாம்.

அமெரிக்கா ஹவாயை இணைத்துக்கொண்ட பிறகு, 1900இல் வந்த சட்டம் இந்தத் தனி உரிமைகளை ரத்து செய்தது. கடல் எல்லாருக்கும் பொது என்றாயிற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லை என்பதுதான் நடைமுறையில் அதன் பொருள். எடுக்கும் பழக்கம் தங்கிவிட்டது. நிறுத்தும் அதிகாரம் போய்விட்டது. இன்று ஒருவர் குளிர்பெட்டி நிறையப் பாப்பியோவைப் போட்டுக்கொண்டு இது எங்கள் பாரம்பரியம் என்றால், அவருடைய முப்பாட்டனின் கோனோஹிக்கி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்கத் தோன்றும்.

விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. மனிதர் கிட்டத்தட்ட இல்லாத வடமேற்கு ஹவாய்த் தீவுகளையும், பதினான்கு லட்சம் பேர் வாழும் முதன்மைத் தீவுகளையும் ஒப்பிட்டு 2002இல் ஒரு ஆய்வு வந்தது. வடமேற்கில் பாரில் உள்ள மீன்களின் மொத்த எடையில் 54 சதவீதம் உலுவா, சுறா போன்ற பெரிய வேட்டை மீன்கள். முதன்மைத் தீவுகளில் 3 சதவீதம். கரையோர மாசும் மற்றவையும் காரணத்தில் சேரும்தான். ஆனாலும் இவ்வளவு பெரிய பள்ளத்தை மாசு மட்டும் தோண்டாது. பார் மீன்களைப் பொறுத்தவரை வியாபாரிகள் பிடிப்பதைவிட வீட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் பிடிப்பது அங்கே பல மடங்கு அதிகம். ஒரே ஒரு பாப்பியோதானே என்று ஒவ்வொருவரும் நினைப்பதன் கூட்டுத்தொகை அது. கம்பு பிடிக்கிறவர்கள் எல்லாப் பழியையும் வலைக்காரர்கள் மேல் போடுவார்கள். போட்டுவைக்கும் செவுள் வலையை மாவி முழுவதும், ஓவாஹுவின் சில பகுதிகளிலும் 2007இல் தடை செய்தது நல்ல காரியம்தான். ஆனால் கம்புக்காரர்களின் பங்கு அதனால் சிறிதாகிவிடாது.

இன்னொரு வேடிக்கை, சட்டத்தின் அளவு. பாப்பியோவையும் உலுவாவையும் பிடிக்க மாநில விதி பல காலமாக வைத்திருக்கும் குறைந்தபட்ச நீளம் பத்து அங்குலம், அதாவது 25 சென்டிமீட்டர். உலுவா முட்டையிடும் பருவத்துக்கு வருவதே ஏறக்குறைய 60 சென்டிமீட்டரில், மூன்றரை வயதுக்கு அப்புறம். அதன் தம்பி ஓமிலு, நீலத் துடுப்புப் பாரை, 35 சென்டிமீட்டரில். அதாவது சட்டப்படி வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்ற மீன், ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காத குழந்தை. சட்டத்துக்குள்ளே நின்றுகொண்டே ஒரு தலைமுறையைக் காலி செய்யலாம்.

மோய் மீன் இன்னும் விசித்திரம். நம் காலா மீனின் உறவு. ஹவாயில் அரசர்களுக்கு மட்டுமே என்று வைத்திருந்த மீன். இது ஆணாகப் பருவமடைந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். பதினோரு அங்குலத்துக்குக் கீழே எடுக்காதே என்பது விதி. பெண்ணாக மாறியவை எல்லாம் அதற்கு மேலேதான்! சிறியதை விடு, பெரியதை எடு என்ற பொதுப்புத்தி இங்கே தாய் மீன்களைப் பொறுக்கியெடுக்கும் வேலையாகிவிடுகிறது. நல்லவேளை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முட்டையிடும் காலத்தில் முழுத் தடை இருக்கிறது. கபுவின் வாசனை இன்னும் மிச்சமிருக்கும் விதிகளில் இது ஒன்று.

பெரிய தாய் மீனின் மதிப்பைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று. மீன் வேறு, அட்லாண்டிக் காட். ஆனால் விஷயம் பொதுவானது. முப்பது கிலோ எடையுள்ள ஒரு தாய் மீன் இடும் முட்டைகளை இரண்டு கிலோ மீன்கள் இட வேண்டுமானால் இருபத்தெட்டு மீன்கள் வேண்டும். எடைக்கு எடை பார்த்தால் பதினைந்து போதும் என்றுதான் நாம் நினைப்போம். பெரியது எடைக்கு மிஞ்சி முட்டையிடுகிறது. அப்படியானால் விட வேண்டிய மீன் எது? சுவரில் போட்டோ மாட்ட ஆசைப்படுகிறோமே, அந்தப் பெரியதுதான்.

சாப்பாட்டுக்கும் அது அவ்வளவு ஏற்றது அல்ல. பவளப்பாரில் பாசிகளின் மேல் வாழும் ஒரு நுண்ணுயிரி, சிகுவாடெரா என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்குகிறது. சிறு மீன் அதைத் தின்ன, பெரிய மீன் சிறு மீனைத் தின்ன, மேலே போகப் போக நஞ்சு சேர்ந்துகொண்டே போகும். வேகவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. வந்தால் வயிற்றைக் கலக்கி, குளிர்ந்த தண்ணீர் கையில் பட்டால் சுடுவது போல இருக்கும், வாரக்கணக்கில் விடாது. வயதான, பெரிய உலுவாவில் இந்த ஆபத்து அதிகம். நடுத்தர மீனைச் சாப்பிட்டுப் பெரிய மீனை விடுவது நாக்குக்கும் உடம்புக்கும் கடலுக்கும் ஒன்றாக ஒத்துவரும் இடம். நூறு பவுண்டுப் பெருமை ஒன்றுதான் அதற்குக் குறுக்கே நிற்கிறது. அதில் உள்ளூர், வெளியூர் வித்தியாசமே இல்லை.

உள்ளூர்க்காரர்களிடமும் மாற்றம் வந்திருக்கிறது, அது வெளியாட்களின் உபதேசத்தால் வந்ததும் அல்ல. 2000ஆம் ஆண்டு வாக்கில் மாநில மீன்வளத் துறை, தூண்டில்காரர்களையே கொண்டு உலுவாவுக்கும் பாப்பியோவுக்கும் அடையாளச் சீட்டு குத்தி விடும் திட்டத்தைத் தொடங்கியது. மீனின் முதுகில் எண் போட்ட ஒரு பிளாஸ்டிக் இழை, அவ்வளவுதான். மறுபடி பிடித்தவர் எண்ணையும் நீளத்தையும் சொல்வார். திரும்பப் பிடிபட்டவற்றில் பெரும்பாலானவை முதலில் பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தன. இது சின்னத் தகவல் மாதிரித் தெரியும், ஆனால் பலரின் மனதைத் திருப்பியது இதுதான். மீன் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கும் என்று நினைத்திருந்தவர்களுக்கு, நம் குடாவில் இருக்கும் மீன் நம் குடாவில்தான் இருக்கிறது, தீர்த்தால் தீர்ந்தது என்று புரிந்தது. கிழவர்களுக்கு இது முன்பே தெரியும் என்பது வேறு விஷயம். சாப்பாட்டோடு விளையாடாதே என்றவர்களில் சிலர் சீட்டுக் குத்தி விடுவதை ஏற்றுக்கொண்டார்கள். காரணம் கேட்டேன். இது விளையாட்டு இல்லை, வேலை என்றார் ஒருவர்.

அதே காலத்தில் பின்பல் இல்லாத வட்ட முள்ளும் பரவியது. சாதாரண முள்ளின் நுனிக்குக் கீழே, மீன் கழன்றுவிடாமல் இருக்க எதிர்த்திசையில் ஒரு சின்னப் பல் இருக்கும். அதை இடுக்கியால் நசுக்கிவிட்டால் முள் சுலபமாக வெளியே வரும். வட்ட முள் தொண்டைக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும். அதனால் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. மீன் தப்பித்துவிடுமே என்ற பயத்தில் முதலில் யாரும் தொடவில்லை. இலவசமாகக் கொடுத்தார்கள், போட்டிகளில் அதற்கென்று தனிப் பரிசு வைத்தார்கள். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் தப்பாது என்று தெரிந்ததும் தானாகப் பழகிக்கொண்டார்கள். பாறையில் சிக்கி நரம்பு அறுந்துபோனாலும் மீன் அந்த முள்ளை உதறிவிட முடியும் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மற்றத் தீவுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். பஹாமாஸில் போன்ஃபிஷ் போன்ற ஆழமற்ற கடல் மீன்களைத் தேடி வருகிறவர்களால் வருடத்துக்கு ஏறக்குறைய 14 கோடி டாலர் வருகிறது என்று 2010இல் கணக்கிட்டார்கள். அங்கே உயிரோடு இருக்கும் மீனுக்குத்தான் விலை. குக் தீவுகளின் ஐட்டுடாக்கியில், வலை போட்டு அதே மீனைப் பிடித்த சிலர் பிற்பாடு அதையே காட்டிக்கொடுக்கும் வழிகாட்டிகள் ஆனார்கள். 2010 வாக்கில் அதற்கென்று தனி விதிகளும் வந்தன. பிரெஞ்சு பாலினேசியாவின் அனா பவளத்தீவில் நடந்தது எனக்கு இன்னும் சுவாரசியம். முட்டையிடக் கூட்டமாகப் போகும் போன்ஃபிஷைப் பொறி கட்டிப் பிடிப்பது அங்கே உள்ளூர் வழக்கம். மீன் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்த ஊர்க்காரர்கள், பள்ளிக்கூடத்தையும் சேர்த்துக்கொண்டு, ரஹுயி என்ற பழைய பருவத்தடையை மறுபடி கொண்டுவந்தார்கள். வெளியிலிருந்து வரும் தூண்டில்காரர்கள் விட்டுவிட்டுப் போகட்டும், ஊர் மக்கள் சாப்பிடட்டும், ஆனால் முட்டையிடும் மாதங்களில் கை வைக்க வேண்டாம். ஒன்றை ஒன்று விரட்டாமல் இரண்டும் இருக்கின்றன.

ஹவாயும் அந்தத் திசையில்தான் மெதுவாகப் போகிறது. 1994இல் ஊரே தன் கரைக்கு விதி எழுதிக்கொள்ள வழிசெய்யும் சட்டம் ஒன்று வந்தது. மொலோகாய் தீவின் மோஓமோமியில் பெரியவர்கள் நிலாக் கணக்கை வைத்து எந்த மீன் எப்போது முட்டையிடுகிறது என்று குறித்து, அந்தக் காலத்தில் விட்டுவைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அதுவும் சட்டத்துக்காகக் காத்திருக்காமல். காவாயி தீவின் ஹாஏனாவுக்கு நிரந்தர விதிகள் கிடைக்க 2015 ஆனது. இருபது வருடத்துக்கு மேல்! ஹவாய்ப் பெரிய தீவின் மிலோலிஈக்கு 2022இல். 1839இல் ஒரு அரசர் ஒரே கையெழுத்தில் செய்ததைத் திரும்பப் பெற இத்தனை கூட்டம், இத்தனை மனு.

இந்த விதிகளைப் படித்துப் பார்த்தால், பிடித்ததை விடு என்பதற்கு அவற்றில் பெரிய இடம் இல்லை. எங்கே, எப்போது, எதைக் கொண்டு, எத்தனை என்பதே அதிகம். மீன் கையில் வந்த பிறகு என்ன செய்வது என்று யோசிப்பது, தாமதமாக யோசிப்பது. அதற்கு முன்னால், அன்றைக்குத் தூண்டில் போடுவதா வேண்டாமா என்பதுதான் கபு கேட்ட கேள்வி. ஸ்போர்ட் ஃபிஷிங் கேட்க விரும்பாத கேள்வியும் அதுதான், ஏனென்றால் விடுவதில் இருக்கும் பெரிய வசதி, பிடிப்பதை நிறுத்த வேண்டியதில்லை என்பது.

சரி, நீங்கள் அங்கே போனால் என்ன செய்வது? கரையில் யாராவது கம்பு நட்டிருந்தால் அவர்களிடம் பேசுங்கள், கேட்டுவிட்டுப் போடுங்கள். சாப்பிடுவதானால் முட்டையிட்டிருக்கக்கூடிய நடுத்தர மீன் ஒன்றோ இரண்டோ, அப்புறம் கம்பைச் சுருட்டுங்கள். விடுவதானால் முன்பே தயாராகுங்கள்: பின்பல்லை நசுக்கி வையுங்கள், சீக்கிரம் இழுத்து முடிக்கக்கூடிய கனமான நரம்பைப் போடுங்கள், கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை மீனின் மேல் இருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும், அதுதான் அதன் தோலுக்குக் காவல். செவுளில் விரல் விட்டுத் தொங்கவிடாதீர்கள். முள்ளைத் தண்ணீருக்குள்ளேயே எடுங்கள். போட்டோ வேண்டுமென்றால் வயிற்றைத் தாங்கி, உங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது மீனுக்கு ஏற்கனவே முட்டியிருக்கும். சுறா தலை தெரிந்தால் அந்த இடத்தில் விடுகிற விளையாட்டு வேண்டாம், வேறு இடம் பாருங்கள்.

ஒரே ஒரு மீனை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். ரோய் என்பார்கள். கறுப்பும் பழுப்புமான உடம்பில் நீலப் புள்ளிகள், பார்க்க அழகான களவா இனம். உணவு மீன் பெருகட்டும் என்று 1956இல் பிரெஞ்சு பாலினேசியாவிலிருந்து அரசே கொண்டுவந்து விட்டது. பெருகியது. ஆனால் அதில் சிகுவாடெரா நஞ்சு இருக்கிறது என்று தெரிந்ததும் யாரும் சாப்பிடவில்லை. அதுவோ உள்ளூர்ப் பார் மீன்களின் குஞ்சுகளைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இப்போது ஈட்டி மீனவர்கள் நாள் குறித்துக் கூட்டமாக இறங்கி அதை வேட்டையாடுகிறார்கள். உங்கள் தூண்டிலில் ரோய் வந்து, நீங்கள் அதை அன்போடு தடவி விட்டால், பக்கத்தில் இருக்கும் கிழவர் உங்களைப் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பார்வையை நான் வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் எனக்கு இரை வெட்டும் வேலையை மட்டும்தான் கொடுத்தார்.